இரைச்சலோடு துடைக்கப்பட்ட குறை: ஒரு சிடி பரிசோதனையின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

உலோகப் பாகங்களை உடைக்காமல் உள்ளே பார்த்துச் சொல்லும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இது நடந்தது. எக்ஸ்ரே கொண்டு எடுக்கும் தொழில்துறை சிடி ஸ்கேன்தான் அங்கே முக்கியமான கருவி. ஸ்கேனரை இயக்குபவர், படங்களை அலசுபவர், அறிக்கையில் கையெழுத்திடும் மூத்த ஆய்வாளர் என்று மூன்று பேர் இதில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்கள். படங்களை அலசும் பொறுப்பு என்னுடையது. பின்னால் வரும் தவறான முடிவுகளில் முக்கியமான ஒன்று நான் எடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சோதனைக்கு வந்தவை லேசரால் அடுக்கடுக்காக அச்சிட்ட தாங்கிகள். பத்து சதவீத அளவுக்குச் சிலிக்கான் கலந்த அலுமினியம். பொடியை 30 மைக்ரோமீட்டர் கனத்துக்குப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் மறுபடி பொடி பரப்பி உருக்குவார்கள். 60 மில்லிமீட்டர் உயரத் தாங்கிக்கு இப்படி 2000 அடுக்குகள் வேண்டும். ஒரே தட்டில் எட்டுத் தாங்கிகள் சேர்ந்து வளரும்.

இந்த முறையில் வரும் குறைகளில் இரண்டு வகை நமக்கு முக்கியம். உருகிய உலோகத்தில் வாயு சிக்கிக்கொண்டால் உருண்டையான நுண்துளை வரும். ஒரு இடத்தில் பொடி முழுதாக உருகாமல் போனால் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தட்டையான, காகிதம் போன்ற இடைவெளி தங்கிவிடும். இதைக் கூடத்தில் உருகாக் குறை என்போம். உருண்டைத் துளை ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. உருகாக் குறையின் ஓரமோ கூர்மையானது. அடுக்குகளுக்குச் செங்குத்தாக மாறி மாறி இழுவிசை வந்தால், அது ஏற்கெனவே திறந்து கிடக்கும் ஒரு விரிசல் போலத்தான் நடந்துகொள்ளும். பாகத்தின் ஆயுளை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

சிடியின் அடிப்படை தெரிந்ததுதான். பாகத்தைச் சுழலும் மேடையில் வைத்து 360 பாகைக்கும் நிழற்படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து உள்வடிவத்தைக் கணக்கிடுகிறோம். கூம்பு வடிவக் கதிருக்கு ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் 1984 இல் வெளியிட்ட கணக்குமுறைதான் இன்றும் தொழில்துறை ஸ்கேனர்களில் பரவலாக ஓடுகிறது. எங்கள் அமைப்பில், நிழலைப் பதிவு செய்யும் டிடெக்டரின் ஒரு புள்ளி 200 மைக்ரோமீட்டர். கதிர்மூலத்திலிருந்து பாகம் 200 மில்லிமீட்டர், டிடெக்டர் 1000 மில்லிமீட்டர் தள்ளி இருந்தன. உருப்பெருக்கம் 5 மடங்கு, எனவே கணக்கிட்ட கனசதுரத்தின் ஒரு வோக்ஸெல், அதாவது முப்பரிமாணப் பிம்பத்தின் மிகச் சிறிய கட்டம், 40 மைக்ரோமீட்டர்.

ஒரு பாகத்துக்கு 2000 நிழற்படங்கள், ஒவ்வொன்றுக்கும் 2 நொடி. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பாகத்தின் குறுக்கே எத்தனை புள்ளிகள் விழுகின்றனவோ, அதைப்போல ஒன்றரை மடங்கு நிழற்படங்கள் வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு. எங்கள் பாகம் அகலமான இடத்தில் 1300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. ஆக, 2000 என்பது ஆடம்பரம் இல்லை.

## வேகத்துக்காக எடுத்த முடிவு

பாகங்கள் குவிய ஆரம்பித்தன. ஒரு நாளில் முடித்தது ஐந்தாறு, வந்தது அதைவிட இரண்டு மடங்கு. அந்த நேரத்தில்தான் நிழற்படங்களை 500 ஆகக் குறைத்து, அதனால் வரும் இரைச்சலை, அதாவது படமெங்கும் தெரியும் புள்ளிக் கலங்கலை, நியூரல் நெட்வொர்க் கொண்டு நீக்கலாம் என்று நான் முன்மொழிந்தேன்.

யோசனை புதிதல்ல. 2015 இல் மருத்துவப் படங்களுக்காக வெளிவந்த யூ-நெட் என்ற வலையமைப்பு, சில ஆண்டுகளுக்குள் நுண்ணோக்கி, எம்ஆர்ஐ, சிடி என்று எல்லாப் படத்துறைகளிலும் புகுந்துவிட்டது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த ஒளிர் நுண்ணோக்கிப் படங்களை இப்படி மீட்கலாம் என்று 2018 இல் காட்டினார்கள். உயிருள்ள செல்லை வெளிச்சத்தால் வாட்டாமல் பார்க்க முடிந்தது அந்தத் துறைக்குப் பெரிய விடுதலை. எங்களுக்கும் அதே மாதிரி ஒரு திறப்பு என்று உண்மையாகவே நம்பினேன். இன்றும் இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை.

ஆறு தாங்கிகளை முழு ஸ்கேன் எடுத்தோம். அதே தரவிலிருந்து நான்கில் ஒரு நிழற்படத்தை மட்டும் எடுத்து 500 கொண்ட மோசமான பிம்பத்தையும் கணக்கிட்டோம். மோசமானதை உள்ளே கொடுத்து நல்லதை விடையாகக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்கினோம். பிறகு, பழக்கத்தில் சேராத ஏழாவது தாங்கியில் சோதித்தோம். பிம்ப ஒற்றுமையை அளக்கும் எண்கள் எல்லாம் நன்றாக வந்தன. கண்ணுக்கு இன்னும் நன்றாக இருந்தது: 2000 நிழற்படப் பிம்பத்தைவிடச் சுத்தமாகத் தெரிந்தது. உருண்டைத் துளைகள் எண்ணிக்கையிலும் அளவிலும் பொருந்தின.

மூத்த ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டார். "இதுவரை பார்க்காத குறை வந்தால் இது என்ன செய்யும்?" தெரியும்படி விட்டுவிடும் என்று நான் பதில் சொன்னேன். அதற்கு என்னிடம் சோதனைச் சான்று எதுவும் இல்லை. பழக்கிய ஆறு தாங்கிகளும் நல்ல அச்சில் வந்தவை. அவற்றில் உருகாக் குறை ஒன்றுகூட இல்லை. அன்று அந்தக் கேள்வியை இன்னும் பத்து நிமிடம் பேசியிருந்தால் பின்னால் வந்தது வந்திருக்காது.

17 நிமிட ஸ்கேன் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் 43 தாங்கிகள் அப்படி ஸ்கேன் ஆகித் தேறின.

## முறிவு

தேறியவற்றில் ஒரே தட்டில் அச்சான எட்டில் மூன்றை, வடிவமைத்த பொறியாளர் சோர்வுச் சோதனைக்கு அனுப்பினார். மாறி மாறி இழுத்து விட்டு எத்தனை சுற்றுத் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை. இரண்டு தாங்கிகள் இலக்குச் சுற்றை முடித்தன. மூன்றாவது, இலக்கில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போகாமல் முறிந்தது.

முறிந்த முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த உலோகவியலாளருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. சோர்வு விரிசல் வளரும்போது விட்டுச்செல்லும் வளையத் தடங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து விரிந்திருந்தன. அந்த இடத்தில் ஏறத்தாழ 700க்கு 400 மைக்ரோமீட்டர் பரப்பில் வழவழப்பான ஒரு திட்டு இருந்தது. அதன்மேல் உருகாத பொடித் துகள்கள் முழு உருண்டைகளாகவே ஒட்டியிருந்தன. உருகாக் குறையின் கையெழுத்து அதுதான். வேறு எதோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

எங்கள் அறிக்கையைத் திறந்து அதே இடத்தைப் பார்த்தேன். சீரான சாம்பல் நிறம். துளை இல்லை, கோடு இல்லை, நிழல்கூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது இருந்த அதிர்ச்சி இப்போதும் நினைவில் இருக்கிறது.

## மூலத் தரவுக்குத் திரும்பியது

நிழற்படம் ஒன்று 8 மெகாபைட். 500 என்றால் 4 கிகாபைட், அதோடு கணக்கிட்ட கனசதுரம் 16 கிகாபைட். இடம் போதாமல், அறிக்கை போனதும் நிழற்படங்களை அழித்துவிடலாம் என்று வாய்மொழியாக ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. ஸ்கேனரை இயக்குபவர் அதைச் செய்யவில்லை. "படத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கணக்கிடலாம், நிழலைத் திரும்ப எடுக்க முடியாதே" என்று தனியாக ஒரு வட்டில் போட்டு வைத்திருந்தார். 43 தாங்கிகளில் 26க்கான மூல நிழற்படங்கள் அவரால் கிடைத்தன. முறிந்த தாங்கியும் அவற்றில் ஒன்று. முறிந்த தாங்கியைப் பழைய நிலையில் மறுபடி ஸ்கேன் எடுக்க வழியில்லை என்பதை யோசித்தால், இந்த ஆய்வே அந்த ஒரு பழக்கத்தால்தான் சாத்தியமானது.

முதலில் நெட்வொர்க் இல்லாமல் வெறும் 1984 கணக்குமுறையில் பிம்பத்தை எடுத்தோம். இரைச்சல் நிறைய. ஆனால் முறிந்த உயரத்தில், இடம் தெரிந்து பார்த்தால், கலங்கலான ஒரு கிடைக்கோடு இருந்தது. இடம் தெரியாமல் பார்த்தால் நான் கண்டுபிடித்திருப்பேனா? நேர்மையாகச் சொன்னால், சந்தேகம்தான்.

அடுத்து, நெட்வொர்க்குக்குள் போன பிம்பத்திலிருந்து வெளியே வந்த பிம்பத்தைக் கழித்தோம். நெட்வொர்க் எதை நீக்கியதோ அது மட்டும் மிஞ்சும். நீக்கியது வெறும் இரைச்சல் என்றால் அந்தக் கழித்தல் படத்தில் வடிவம் எதுவும் இருக்கக்கூடாது. எங்கள் படத்தில் இருந்தது. முறிந்த இடத்தில், நுண்ணோக்கி சொன்ன அதே நீளத்தில் ஒரு கோடு. நெட்வொர்க் குறையைக் காணத் தவறவில்லை, எடுத்துத் துடைத்திருந்தது. இந்தக் கழித்தலைச் செய்ய ஒரு வரி நிரல் போதும். நாங்கள் அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்கவில்லை.

## ஏன் நடந்தது: மூன்று காரணங்கள்

முதலில் எல்லாப் பழியையும் நெட்வொர்க்கின் மேல் போட்டுவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. மூத்த ஆய்வாளர் ஒப்புக்கொள்ளவில்லை. இரைச்சல் நிறைந்த பிம்பத்திலேயே கோடு அவ்வளவு மங்கலாக ஏன் இருந்தது என்று கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களைச் சரியான திசைக்குத் திருப்பியது.

குறையின் கனம் ஒரு காரணம். அதே தட்டில் அச்சான இன்னொரு தாங்கியில் பின்னால் கண்டுபிடித்த இதே மாதிரிக் குறையை வெட்டி மெருகேற்றிப் பார்த்தபோது, கனம் 20 முதல் 30 மைக்ரோமீட்டர். எங்கள் வோக்ஸெல் 40. ஒரு வோக்ஸெலுக்குள் உலோகமும் வெற்றிடமும் சேர்ந்து இருந்தால் அது இரண்டின் சராசரியைத்தான் காட்டும். 25 மைக்ரோமீட்டர் குறை இரண்டு வோக்ஸெல் அடுக்குகளுக்கு நடுவே சரிபாதியாக விழுந்தால் ஒவ்வொன்றிலும் முப்பது சதவீதச் சரிவுதான். உள்ளே பாதிக்கு மேல் உருகாத பொடி வேறு. அப்போது சரிவு பதினைந்து சதவீதத்துக்கும் கீழே போய்விடும். நிழற்படங்களை நான்கில் ஒன்றாக்கினால் இரைச்சல் இரண்டு மடங்காகிறது. ஆக, குறை தரும் சமிக்ஞை இரைச்சலுக்குள் முங்கிப்போகும் நிலையில்தான் ஏற்கெனவே இருந்தது.

இரண்டாவது காரணத்தை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது அதுதான் என்று நினைக்கிறேன்.

தாங்கியை மேடையில் அது அச்சான மாதிரியே நிமிர்த்தி வைத்தோம். அடிப்பாகம் தட்டையாக இருந்ததால் அப்படி வைப்பது எளிது. ஆனால் அப்போது அச்சிட்ட அடுக்குகள் எல்லாம் மேடை சுழலும் மைய அச்சுக்குச் செங்குத்தாகக் கிடக்கும். அடுக்குகளுக்கு நடுவே கிடக்கும் உருகாக் குறையும் அப்படியே. கதிர்மூலம் பாகத்தைச் சுற்றி ஒரே வட்டத்தில்தான் போகிறது. ஒரு பாகத்தை முழுதாக மீட்க வேண்டும் என்றால் அதை வெட்டும் ஒவ்வொரு தளமும் கதிர்மூலத்தின் பாதையையும் வெட்ட வேண்டும் என்று டூய் 1983 இல் கணிதமாகக் காட்டினார். வட்டப் பாதைக்கு மேலேயோ கீழேயோ, அதற்கு இணையாகக் கிடக்கும் தளங்கள் அந்தப் பாதையை ஒருபோதும் வெட்டாது. எங்கள் குறை கிடந்தது அப்படிப்பட்ட ஒரு தளத்தில், மையத்திலிருந்து 28 மில்லிமீட்டர் உயரத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 200 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் கதிர்மூலத்திலிருந்து அந்த உயரத்துக்குப் போகும் கதிர் ஏறத்தாழ 8 பாகை சாய்வாகக் குறையைக் குறுக்கே கடக்கிறது. 25 மைக்ரோமீட்டர் கனத்தை அந்தச் சாய்வில் கடந்தால் வெற்றிடத்துக்குள் அது போகும் தூரம் 180 மைக்ரோமீட்டர் அளவு. மேடை எவ்வளவு சுழன்றாலும் நிலைமை கிட்டத்தட்ட அதேதான்; குறையின் நீளவாக்கில் ஒரு கதிர்கூடப் போவதில்லை. நெடுக உலோகத்தைக் கடந்து வரும் கதிருக்கு இது அற்பமான வித்தியாசம். தாங்கியை 30 பாகை சாய்த்து வைத்திருந்தால், ஒரு சுற்றில் இரண்டு கோணங்களில் கதிர் குறையின் தளத்தோடு ஒட்டியே போயிருக்கும். அப்போது 400, 700 மைக்ரோமீட்டர் வெற்றிடம் நிழலில் கூர்மையான கோடாக விழும்.

சாய்த்து வைக்க ஒரு துண்டு நுரைப்பஞ்சு போதும். எக்ஸ்ரேவுக்கு அது இருப்பதே தெரியாது.

மூன்றாவது காரணம் நெட்வொர்க். பிழையின் வர்க்கச் சராசரியைக் குறைக்கும்படி பழக்கிய நெட்வொர்க், சான்று பலவீனமாக உள்ள இடத்தில் தான் இதுவரை பார்த்தவற்றின் சராசரியைப் பதிலாகத் தரும். அது பார்த்த ஆறு தாங்கிகளிலும் மெல்லிய கிடைக்கோட்டுச் சரிவு எப்போதும் இரைச்சலாகவே இருந்தது. ஆகவே இதையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டது. அதன் பயிற்சிப்படி பார்த்தால் அது சரியான பதில். தவறு, அந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை வாங்கிய எங்களுடையது.

மற்றத் துறைகளில் இதை முன்பே எச்சரித்திருந்தார்கள். குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், வெறும் இரைச்சல் படங்கள் ஆயிரத்தை ஐன்ஸ்டைனின் முகத்தோடு பொருத்திச் சேர்த்தால் இரைச்சலிலிருந்தே ஐன்ஸ்டைன் எழுந்து வருவார் என்று ரிச்சர்ட் ஹெண்டர்சன் 2013 இல் எழுதினார். எதிர்பார்ப்பு பிம்பத்துக்குள் புகுந்துவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் நான் பார்த்ததில்லை. படங்களை மீட்கும் நியூரல் நெட்வொர்க்குகள் சிறு மாற்றங்களுக்கு எப்படித் தடுமாறுகின்றன, சிறு அமைப்புகளை எப்படித் தவறவிடுகின்றன என்று 2020 இல் ஒரு விரிவான ஆய்வும் வந்தது. நான் அதைப் படித்திருந்தேன். மருத்துவப் படங்களுக்கான எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

## உடனே செய்தவை

17 நிமிட முறையை அன்றே நிறுத்தினோம். தாங்கிகளை வாங்கியவருக்கு என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதினோம். எந்தத் தாங்கியும் பயன்பாட்டுக்குப் போகவில்லை என்பது நிம்மதி.

அதே தட்டில் மிஞ்சியிருந்த ஐந்தையும் சாய்த்து வைத்து 2000 நிழற்படங்களோடு எடுத்தோம். ஒன்றில் அதே உயரத்தில் ஒரு குறை தெளிவாகத் தெரிந்தது. மேலே சொன்ன, வெட்டிப் பார்த்த தாங்கி அதுதான். இரண்டு தாங்கிகளில் ஒரே உயரத்தில் குறை என்றால் அது தற்செயலாக இருக்க முடியாது. அச்சு இயந்திரத்தின் பதிவைக் கேட்டு வாங்கினோம். அந்த இயந்திரத்தில் ஒவ்வொரு அடுக்கையும் மேலிருந்து படம் எடுக்கும் கேமரா ஒன்று இருந்தது. 2000 படங்களும் சேமிப்பில் பத்திரமாக இருந்தன. யாரும் திறந்து பார்த்ததில்லை. குறை இருந்த உயரத்துக்கான படத்தில், பொடி சரியாகப் பரவாமல் விட்ட ஒரு பட்டை இரண்டு தாங்கிகளின் குறுக்கே ஓடியது. அந்தப் பள்ளத்தில் அடுத்த முறை பொடி கனமாக விழுந்து, லேசர் அடிவரை உருக்க முடியாமல் போயிருக்க வேண்டும்.

43இல் மூல நிழற்படம் இருந்த 26க்கும் கழித்தல் படம் எடுத்தோம். மற்ற 17இல் அந்தத் தட்டைச் சேர்ந்தவை எதுவும் இல்லை. அவற்றைத் திருப்பி வாங்கிச் சாய்த்து ஸ்கேன் செய்தோம். மொத்தத்தில் இன்னும் இரண்டில் சந்தேகம் வந்தது. வெட்டிப் பார்த்ததில் ஒன்று உண்மையான சிறிய குறை. மற்றது டிடெக்டரின் ஒரு புள்ளி சரியாக வேலை செய்யாததால் வரும் வளையத் தடத்தின் ஒரு துண்டு. நல்ல தாங்கி ஒன்றை வீணாக வெட்டினோம்.

## புதிய முறையைச் சோதித்தது

இந்த முறை எண்களை நம்பி இறங்கவில்லை. குறையை வேண்டுமென்றே உள்ளே வைத்து அச்சிட்ட சோதனைப் பாகங்களைச் செய்யச் சொன்னோம். குறிப்பிட்ட இடங்களில் லேசர் உருக்காமல் தாண்டிப் போக வேண்டும், 100 முதல் 800 மைக்ரோமீட்டர் அகலம் வரை பல அளவுகளில்.

முதல் பாகத்தில் ஒரு அடுக்கை மட்டும் தாண்டச் சொன்னோம். வெட்டிப் பார்த்தால் குறையே இல்லை. லேசர் உருக்கும் குளம் ஒரு அடுக்கைவிட ஆழமானது. மேல் அடுக்கு உருகும்போதே கீழே விட்டதையும் உருக்கி மூடிவிட்டது. மூன்று அடுக்குகளைத் தாண்டிய பிறகுதான் இடைவெளி தங்கியது. இதற்கே இரண்டு வாரம் போனது.

அந்தப் பாகங்களைப் பல விதமாக ஸ்கேன் செய்து, குறைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாத இருவரிடம் தனித்தனியாகக் கொடுத்தோம். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முன்மாதிரி மனதில் இருந்தது. 2019 ஏப்ரலில் வெளியான எம்87 கருந்துளையின் படத்தை உருவாக்கியவர்கள், முதலில் நான்கு குழுக்களாகப் பிரிந்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக மீட்டார்கள். நான்கிலும் வளையம் வந்த பிறகே அதை வளையம் என்று நம்பினார்கள். எங்களிடம் நான்கு குழுக்கள் இல்லை, இருவர்தான். ஆனாலும் அந்த ஒழுங்கு உதவியது.

முடிவுகளில் மிகத் தெளிவாக நின்றது சாய்வு. நிமிர்த்தி வைத்து, 500 நிழற்படம், பழைய நெட்வொர்க் என்ற சேர்க்கையில் மேல்பகுதியில் இருந்த குறைகளில் 400 மைக்ரோமீட்டர் வரையிலானவை அடியோடு காணவில்லை. வேறு எதையும் மாற்றாமல் சாய்த்து மட்டும் வைத்து எடுத்தபோது அவற்றில் பெரும்பாலானவை நெட்வொர்க்கைத் தாண்டியும் தெரிந்தன. சிறியவற்றை நெட்வொர்க் அப்போதும் துடைத்தது.

பிறகு, வைத்த குறைகளையும் சேர்த்து நெட்வொர்க்கை மறுபடி பழக்கினோம். முன்னைவிட நன்றாக இருந்தது, ஆனால் பழக்கத்தில் இல்லாத வளைந்த வடிவக் குறை ஒன்றை மறுபடி தவறவிட்டது. இது முடிவில்லாத வேலை என்று அப்போது புரிந்தது. நாளை வரப்போகும் குறையின் வடிவம் நம் கையில் இல்லை.

இன்னொரு வழியையும் முயன்றோம். நல்ல பிம்பத்தை விடையாகக் காட்டாமல், ஒரே ஸ்கேனின் நிழற்படங்களைக் கூறுகளாகப் பிரித்து, ஒரு கூறின் பிம்பத்திலிருந்து மற்றக் கூறின் பிம்பத்தை ஊகிக்கச் சொல்லிப் பழக்கும் முறை. ஆம்ஸ்டர்டாமில் ஹென்றிக்சன், பெல்ட், பாட்டன்பர்க் மூவரும் 2020 இல் வெளியிட்ட நாய்ஸ்டூஇன்வெர்ஸ் இந்த வகை. இரண்டு கூறுகளிலும் இரைச்சல் வேறு வேறு, பாகம் ஒன்றே. ஆகவே மற்ற ஆறு தாங்கிகளின் நினைவு உள்ளே நுழைய இடமில்லை. இதிலும் மெல்லிய குறைகள் கொஞ்சம் மங்கின, ஆனால் துடைபட்டுப் போகவில்லை. கழித்தல் படத்திலும் கோடுகள் மிகக் குறைவு.

## இப்போதைய நடைமுறை

தாங்கியை 30 பாகை சாய்த்து 1000 நிழற்படங்கள். 33 நிமிடம் ஆகிறது. 17 நிமிடத்தின் வேகம் இல்லை, பழைய ஒரு மணி நேரமும் இல்லை. தேறியதா இல்லையா என்பதை நெட்வொர்க் தொடாத பிம்பத்தில்தான் முடிவு செய்கிறோம். சுத்தம் செய்த பிம்பம் சுவர்க் கனம், விளிம்பு போன்ற அளவுகளை எடுக்கவும், அறிக்கையில் காட்டவும் மட்டும். காட்டும் இடத்தில் கழித்தல் படமும் பக்கத்திலேயே இருக்கும். மூல நிழற்படங்களை அழிப்பதில்லை. வட்டு வாங்கும் செலவு ஸ்கேன் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டோடும் அடுக்குப் படங்களையும் கேட்டு வாங்குகிறோம். அவற்றில் பட்டை தெரிந்த உயரத்தை முதலில் போய்ப் பார்க்கிறோம்.

## மறுபடி செய்வதானால்

சில விஷயங்களை இன்று வேறு விதமாகச் செய்வேன். நெட்வொர்க்கைப் பழக்க ஆரம்பிக்கும் முன்பே, எந்தக் குறையைக் கண்டுபிடிக்க இந்த ஸ்கேன் இருக்கிறதோ அந்தக் குறை உள்ள ஒரு பாகத்தையாவது கையில் வைத்திருப்பேன். எங்களிடம் இருந்தவை எல்லாம் நல்ல பாகங்கள் என்பதில் அப்போது பெருமைப்பட்டேன். பரிசோதனைக் கூடத்துக்கு அது ஒரு பற்றாக்குறை. ஒற்றுமை எண்களைப் பாகம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டதும் தவறு. கோடிக்கணக்கான வோக்ஸெல்களில் குறை சில நூறுதான். அவை முழுதாகப் போனாலும் சராசரி அசையாது.

சாய்த்து வைப்பதைப் பற்றி ஸ்கேனரை இயக்குபவருக்கு முன்பே தெரிந்திருந்தது. வார்ப்புத் தகடுகளை அப்படித்தான் வைப்பாராம். தாங்கிகளுக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருந்ததால் அப்படியே செய்திருக்கிறார். அந்தக் குறிப்பை எழுதும்போது அவரை நான் கேட்கவில்லை. இப்போது புதிய பாகம் வந்தால் முதலில் அவரும் நானும் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, குறை எந்தத் திசையில் கிடக்கக்கூடும் என்று பேசிய பிறகுதான் குறிப்பு எழுதுகிறோம்.

தீராத ஒன்று இருக்கிறது. 200 மைக்ரோமீட்டருக்குக் கீழான தட்டைக் குறைகளை இந்த அமைப்பில் நம்பகமாகக் காண முடியவில்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் தாங்கி முழுதாகப் படத்துக்குள் அடங்காது. பகுதி பகுதியாக எடுத்தால் நேரம் பல மடங்காகும். இப்போதைக்கு அதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறோம்: இந்த அளவுக்குக் கீழே குறை இல்லை என்று இந்த அறிக்கை சொல்லவில்லை என்று.

அந்த வரியைப் படித்த பொறியாளர் ஸ்கேனை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த தொகுதியில் தாங்கியை வேறு பக்கமாகப் படுக்கவைத்து அச்சிட்டார். இழுவிசை இப்போது அடுக்குகளின் நீளவாக்கில் போகிறது.